தரை டிக்கெட்டும் தபால் நிலையமும்

(பழவேற்காட்டு ஏரிக்கரைப் பக்கத்துக் காட்டூரில், படிப்பக நண்பர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை, ஏட்டுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று இவ்வூர் நண்பர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, உண்மையைச் சொல்வதானால், நான் சற்றுத் தயங்கினேன். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து தோணி கடலுக்குள் போகத் திணறும் இடம் இது. இறாலும் நண்டும் மடவையும் குறைந்து வருகின்றன என்று கவலைப்படும் மக்கள் வாழும் இடம். காட்டுப்பள்ளித் துறைமுகம் மேலும் விரிந்தால் நம் கரை என்னவாகும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் இடம். இங்கு வந்து கொட்டகைக் கதையா சொல்வது என்று என் மனம் என்னையே கேட்டது. கேலி செய்யும் நண்பர் ஒருவரும், "ஐயா, கொட்டகையே இல்லாத ஊரில் கொட்டகையைப் பற்றிப் பேச்சா?" என்றார்.

அந்தக் கேலிதான் என் தயக்கத்தைப் போக்கிற்று. கொட்டகை இல்லாத ஊரில் பேசாமல், வேறு எங்கே பேசுவது? வயிறு நிறைந்தவனிடத்திலா பசியைப் பற்றிப் பேசுவது?

ஏரியிலே 'பாடு' என்று ஒரு முறை இருப்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏட்டில் படிக்கும் வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி, முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு அது. நல்ல மீன்பாடு உள்ள இடத்தை வலுத்தவன் ஒருவனே வளைத்துக்கொள்ளாமல் அது காக்கிறது. அதே நேரத்தில், அந்தப் பாட்டில் பங்கு உடையவர் யார், இல்லாதவர் யார் என்ற கோட்டையும் அது கிழிக்கிறது. பங்கில்லாதவர்கள் அதைப் பற்றிக் கசப்போடு பேசுவதையும் நான் கேட்டிருக்கிறேன். ஒரு பொது இடம் என்றால் அங்கே யாருக்கு இடம் உண்டு, எந்தக் கணக்கில் இடம் உண்டு என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஏரிக்கு அந்தக் கேள்வி எப்படியோ, கொட்டகைக்கும் அப்படியே. அதனால்தான் இது அரசியல் பேச்சு. பொழுதுபோக்கைப் பற்றி என்று எண்ணி வந்தவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

சென்னைக்குப் போகிறவர்கள் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தைப் பார்த்திருப்பீர்கள். பணவிடை அனுப்பப் போயிருப்பீர்கள். பதிவுத் தபால் அனுப்பப் போயிருப்பீர்கள். அந்த வளாகத்துக்குள்ளே ஒரு பழைய சிறு கட்டிடம் உண்டு. அஞ்சல்தலை சேர்ப்போருக்கான கூடமாக அது இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது யாதென்று தெரியாது. அதுதான் எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-ஆம் ஆண்டில், வார்விக் மேஜர், ரெஜினால்ட் அயர் என்னும் இருவர், சினிமாக் காட்டுவதற்கென்றே சென்னையில் எழுப்பிய கட்டிடம் அது.

அதற்கு முன்னர் சென்னை படம் பார்த்ததே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1895 டிசம்பரில் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். 1896 ஜூலையில் அது பம்பாய் வாட்சன் ஓட்டலுக்கு வந்தது. 1897-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் எட்வர்ட்ஸ் என்னும் ஐரோப்பியர் அசையும் படங்களைக் காட்டினார். ஆனால் அது நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் கட்டிய மண்டபம். படம் அங்கே விருந்தாளி. படத்துக்கென்று சொந்த வீடு எழும்பியது எலெக்ட்ரிக் தியேட்டரில்தான். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். மவுண்ட் ரோடு அன்று அவர்களுடைய கடைத்தெரு. அவர்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கி, படம் பார்த்து, வீடு திரும்பினார்கள். பழவேற்காட்டு நண்டு அவர்கள் மேசைக்குப் போயிருக்கலாம். பழவேற்காட்டு மனிதன் அந்தக் கூடத்துக்குள் போயிருப்பானா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டே ஆண்டுகள்! 1915-இல் அஞ்சல் தந்தித் துறை அக்கட்டிடத்தை வாங்கிக்கொண்டது. மூடிய கொட்டகை வேறொன்றாக மாறும் கதையை நாம் இன்றைய கதை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். சென்னையின் முதல் கொட்டகைக்கே அது நேர்ந்துவிட்டது. இடித்துத் தள்ளாமல் வைத்திருந்தார்கள் என்பதே பெரிய காரியம். அதற்குப் பின் எழுந்த எத்தனையோ மாளிகைகள் மண்ணாகிப்போக, இந்த மூத்த பிள்ளை மட்டும் இன்னும் நிற்கிறது. இன்னொன்று, எனக்கு நினைக்குந்தோறும் நகைப்பு வரும் செய்தி. அரசாங்கம் எம்.ஜி.ஆருக்கு 1990-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. சிவாஜி கணேசனுக்கு 2001-இல். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு 2008-இல். படத்தை வெளியேற்றி அஞ்சல்தலையை உள்ளே வைத்தார்கள். அஞ்சல்தலையிலேயே ஏறிக்கொண்டு படம் உள்ளே வந்துவிட்டது!

மவுண்ட் ரோட்டில் வெள்ளையர் கட்டியது அப்படி. நம்மவர் கதை வேறு வழியில் தொடங்கியது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905-இல், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுநாதர் வாழ்க்கைப் படமும் அவற்றுள் ஒன்று. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையை அமைத்தார். அதே ஆண்டில், சென்னையில் ரகுபதி வெங்கையா என்ற புகைப்படக்காரர் கெயிட்டி கொட்டகையை எழுப்பினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதற் கொட்டகை அது. பின்னர் தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று அவரே தொடர்ந்தார். கவனியுங்கள்: கொட்டகை மவுண்ட் ரோட்டை விட்டு, மக்கள் குடியிருக்கும் பேட்டைகளுக்கு நடந்து வந்துவிட்டது.

வடசென்னையின் பெருமையைச் சொல்லாமல் போனால் பொன்னேரிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1931 அக்டோபர் 31-ஆம் நாள் தமிழில் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' வெளியானது, டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி, எச்.எம். ரெட்டி இயக்குநர். கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி சொல்வான்! அதைப் பார்த்து யாரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. படம் ஓடிய இடம் தங்கசாலைத் தெருவின் கினிமா சென்ட்ரல். பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் பெற்றது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியைச் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள் என்றும், வழியெல்லாம் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார்கள் என்றும் திரை வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சாமி ஊர்வலத்தில் தேரின் வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்று வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. தகரப் பெட்டிக்குப் பின்னால் நடப்பதற்கு எவரும் எவரிடமும் குலம் கோத்திரம் கேட்கவில்லை.

இங்கேதான் என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, 1981-இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே ஒருவன் உட்காரும் இடத்தை அவன் பிறப்பு தீர்மானிக்கவில்லை, அவன் கொடுக்கும் காசு தீர்மானித்தது என்றும் அவர் விளக்கினார். எண்ணிப் பாருங்கள். கோயிலிலே யார் எதுவரை செல்லலாம் என்பதற்குக் கோடு இருந்தது. 1939-இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது எழுந்த கூச்சலை நாடறியும். தெருக்கூத்து பார்க்கவும் அவரவர் தெருவின் எல்லை உண்டு. சபைகளில் நடந்த கச்சேரி யாருக்காக நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கொட்டகை; டிக்கெட் கொடுக்கும் சிறு துவாரம்; அந்தத் துவாரத்துக்குள் நீட்டிய கை எந்தச் சாதிக் கை என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் இல்லை.

காசு சமத்துவம் தந்தது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். காசு கிழித்த கோடும் கோடுதான். உள்ளே போனால் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று உலகங்கள். தரையில் இருப்பவன் திரைக்கு மிக அருகில் இருந்து கழுத்து நோகப் பார்க்கவேண்டும். காசுள்ளவன் தொலைவில் சாய்ந்திருந்து பார்ப்பான். பெண்களுக்குத் தனிப் பகுதி, நடுவே தட்டி. கிராமத்துக் கொட்டகைகள் சிலவற்றில் 'அவன் வந்து என் பக்கத்தில் உட்காருவதா' என்ற முணுமுணுப்பு நெடுங்காலம் ஓயவில்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. பிறப்பை மாற்றிக்கொள்ள எவனாலும் முடியாது; நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் தரை டிக்கெட்டுக்காரன் பெஞ்சு டிக்கெட் வாங்க முடியும். அந்தச் சிறு இடைவெளி வழியாகத்தான் புதிய காற்று உள்ளே வந்தது.

தரை டிக்கெட்டின் சுகம் தனிச் சுகம், தோழர்களே! நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை வந்து இறங்கும். பனை மரத்திலோ மூங்கிலிலோ கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்தால், டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று பொருள். அந்தப் பாட்டு கேட்டதும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு அம்மா கிளம்புவார். உள்ளே மணல். அந்த மணலைக் குவித்துக்கொண்டால் அதுவே நாற்காலி. முன்னால் இருப்பவன் உயரமாகக் குவித்துக்கொண்டால், பின்னால் இருப்பவன் அதைத் தட்டிவிடுவான். படம் தொடங்கும் முன்னரே ஒரு சண்டைக் காட்சி முடிந்துவிடும். ஒரே படக்கருவி, ஆகையால் சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. நான்கு இடைவேளையிலும் முறுக்குக்காரர் வருவார். அந்த இடைவேளைகளில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் பேசி முடிக்கப்பட்டது. கலியாணங்கள் பேசப்பட்டதும் உண்டு, கடன் கேட்கப்பட்டதும் உண்டு. இரவு இரண்டாம் ஆட்டம் முடிந்து நேரே வலைக்குப் போன மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு மக்கள் ஒரே இடத்தில் கூடினால் அரசாங்கம் சும்மா இருக்குமா? 1918-இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920-இல் சென்னையில் தணிக்கைக் குழு வந்தது. மேடை நாடகத்தில் தேசியப் பாட்டுப் பாடியவர்களைத் துரத்திய கண்கள் திரையின்மீதும் விழுந்தன. 1939-இல் கே.சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' வெளிவந்தது, கல்கியின் கதை. காங்கிரஸ் அமைச்சரவை விலகியபின் வெள்ளையர் அரசு அதற்குத் தடை விதித்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும், கெயிட்டி கொட்டகையில் காசு வாங்காமல் ஓயாது படத்தை ஓட்டினார்கள். மக்கள் வெள்ளம் திரண்டது. போலீஸ் தடியடி நடத்தியது. வெங்கையா கட்டிய கொட்டகை ஒரு நாள் பொதுக்கூட்டத் திடலாகவே மாறிற்று என்று இதைச் சொல்லலாம். அதே 1939-இல்தான் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. தரை டிக்கெட்டுக்காரனின் அணாவிலும் அரசுக்குப் பங்கு!

நாடு விடுதலை பெற்றபின் கொட்டகை வேறொரு தொழிலையும் செய்தது. 1949-இல் 'வேலைக்காரி', 'நல்லதம்பி'. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'. கட்சிக் கூட்டத்துக்கு வராதவர்கள் கொட்டகைக்கு வந்து கட்சிப் பேச்சைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வசனத்தை வரி பிசகாமல் ஒப்புவித்தார்கள். அவ்வசனங்களின் கருத்தை ஏற்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆட்சிகளை மாற்றிய அரசியலின் பள்ளிக்கூடங்களுள் ஒன்றாகக் கொட்டகை இருந்தது என்பதை இரு சாராருமே ஒப்புக்கொள்வார்கள்.

அந்தப் 'பராசக்தி'யைக் காட்டி மதுரையில் திறக்கப்பட்டதுதான் தங்கம் தியேட்டர். இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டுவார்கள். கட்டிட வேலை முழுவதும் முடிவதற்கு முன்பே படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரே காட்சிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் என்றால் அது ஒரு சிற்றூரே எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி. இன்று அந்த இடத்தில் பெரிய துணிக்கடை ஒன்று நிற்கிறது. மதுரையில் 'சிந்தாமணி' படம் ஈட்டிய பணத்தில் கட்டிய சிந்தாமணி தியேட்டரும் துணி வியாபாரத்துக்கே போயிற்று. துணிக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணி இல்லாமல் கொட்டகைக்கும் போக முடியாது. ஆனால் துணிக்கடையில் வாங்குபவனுக்குத்தான் இடம். மூன்று மணி நேரம் முன்பின் தெரியாத மனிதனின் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, அவன் அழும்போது நீயும் அழுவது துணிக்கடையில் நடக்காது.

கீற்றுக் கொட்டகைகள் எப்படி மறைந்தன என்பதையும் சொல்லவேண்டும். பழமையைப் பாராட்டும்போது அதன் கேட்டை மறைப்பது நேர்மையன்று. 1955-இல் சென்னை மாநிலச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின், டூரிங் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே உரிமம். காலம் முடிந்தால் பிரித்துக்கொண்டு போகவேண்டும். நாளை போகப்போகிற கொட்டகைக்கு யார் செங்கல் வைப்பார்கள்? கீற்றே கூரை, கீற்றே சுவர். 1979 ஜூலையில் தூத்துக்குடியில் அத்தகைய கொட்டகையொன்று படம் ஓடிக்கொண்டிருக்கும்போது தீப்பற்றிற்று. பலர் கருகி மாண்டார்கள். அதுவும் நம்மைப் போன்ற கடலோரத்து ஊர்தான். மாளிகைக் கொட்டகைகளில் சாய்ந்திருந்தவர்களுக்கு வராத சாவு, மணலில் உட்கார்ந்திருந்தவர்களைத் தேடி வந்தது. ஏழைக்குப் படம் வேண்டும் என்றவர்கள், ஏழைக்குத் தீப்பிடிக்காத கூரையும் வேண்டும் என்று அன்றே குரல் கொடுத்திருக்கவேண்டும்.

1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமைப் பாட்டும் ஞாயிற்றுக்கிழமைப் படமும் வீட்டுக்குள் வந்தன. பிறகு வீடியோ, பிறகு கேபிள், பிறகு கையடக்கப் பேசி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கொட்டகை இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பெருங்கொட்டகைகள் மூடின. ஒரே கட்டிடத்தில் மூன்று அரங்குகள் வைத்து 1964-இல் எழுந்த சபையர் மறைந்தது. கெயிட்டி மறைந்தது. சிவாஜி கணேசன் குடும்பத்தாரின் சாந்தி தியேட்டர் 1961 முதல் 2016 வரை நின்றது. அதன் வாசலில் படம் பார்க்க வராத நாட்களிலும் ரசிகர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய ஊர்த் திண்ணை. வடசென்னையில் தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா, 1967 முதல் நின்றது, 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டது. பெரம்பூரில் 1985-இல் திறந்த ஸ்ரீ பிருந்தா 2025-இல் மூடிற்று. நம் மக்கள் சென்னைக்கு மீன் கொண்டுபோன காலத்தில் திரும்பும் வழியில் நுழைந்து பார்த்த கொட்டகைகள் இந்த வடசென்னைக் கொட்டகைகளே. துறைமுகத் தொழிலாளியும், ஆலைத் தொழிலாளியும், கூடைக்காரியும் உட்கார்ந்த இருக்கைகள் அவை.

"புதிய அரங்குகள் வருகின்றனவே, ஐயா?" என்பீர்கள். வருகின்றன. பேரங்காடியின் ஐந்தாம் மாடியில், குளிரூட்டப்பட்டு, மெத்தை விரித்து வருகின்றன. போகட்டும். அங்கே போக ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும்? டிக்கெட் ஒரு விலை. அதை இணையத்தில் வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் என்று இன்னொரு விலை. உள்ளே சோளப்பொரி வாங்கினால், நம் ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல். முறுக்குக்காரருக்கு அங்கே அனுமதி இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்குக்கும் அனுமதி இல்லை. அரசு விதிப்படி பெரிய அரங்குகளிலும் முன் வரிசையில் பத்து ரூபாய்ச் சீட்டு வைக்கவேண்டும் என்ற ஏற்பாடு சென்னையில் பல ஆண்டுகள் இருந்தது. கல்லூரி மாணவர்கள் விடியற்காலையிலேயே போய் அதற்காக நிற்பார்கள். தரை டிக்கெட்டின் கடைசி வாரிசு அந்தச் சீட்டு.

காசு கொடுத்தால் இடம் உண்டு என்ற அந்தப் பழைய நியாயமாவது மிஞ்சியதா? 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினரை வாசலில் தடுத்துவிட்டார்கள். அதைப் படம்பிடித்து ஒருவர் பரப்ப, நாடே பார்த்தது, கண்டனம் எழுந்தது, பின்னர் உள்ளே விட்டார்கள். சிறுவர்களின் வயதைக் காரணம் காட்டியது நிர்வாகம். வயதைப் பார்த்தார்களா, உடையைப் பார்த்தார்களா என்று படிக்கும் நீங்களே சொல்லுங்கள். 1931-இல் டிக்கெட் துவாரத்துக்குள் நீட்டிய கையை யாரும் பார்க்கவில்லை. 2023-இல் முகத்தைப் பார்த்து நிறுத்த ஆள் வைத்துவிட்டோம். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் முன்னே போனோமா, பின்னே போனோமா?

வரியிலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர, தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாட்கள் கதவடைத்தன. 2025 செப்டம்பரில், நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு வரியை ஐந்து விழுக்காடாகக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் நூறு ரூபாய்க் கொட்டகையே மூடிவிட்ட ஊரில் அந்தச் சலுகையை யார் வாங்குவது? கரை சேராத தோணிக்குத் துறைமுகக் கட்டணம் தள்ளுபடி செய்தது போலத்தான்.

ஆகையால் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கேரளத்திலே அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சொந்தமாகத் திரையரங்குகளை நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ என்ற அரங்குகளை நானே பார்த்திருக்கிறேன். நடுத்தரக் குடும்பம் துணிந்து போகக்கூடிய விலை. திரைப்பட விழா என்றால் வாசலில் இளைஞர் கூட்டம் விவாதம் செய்துகொண்டிருக்கும். அரசு கொட்டகை நடத்தினால் அரசின் புகழையே படம் காட்டும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எந்தப் படத்துக்கு முன்னும் அரசின் செய்திப்படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று விதி இருந்ததையும், அது ஓடும்போது மக்கள் வெளியே போய் பீடி பிடித்ததையும் நாம் மறக்கவில்லை. படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊர் வைத்துக்கொள்ளட்டும். கூரையை அரசு தரட்டும்.

கூரைக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் என்று உறுதியான கட்டிடங்களை எழுப்பினார்கள். பெயரிலேயே 'பல்நோக்கு' என்றிருக்கிறது. புயல் வராத நாட்களில் அந்தப் பல நோக்கங்கள் எங்கே போய்விடுகின்றன? வாரத்தில் ஓர் இரவு, ஒரு வெள்ளைத் திரை, ஒரு படக்கருவி. இக்காலத்துப் படக்கருவியை ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு வரலாம். கீற்றும் இல்லை, தீயும் இல்லை. பாய் விரித்து உட்காரலாம்; மணல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கடற்கரையிலிருந்து ஒரு கூடை கொண்டு வரட்டும். பெண்களுக்குத் தனித் தட்டி வேண்டாம். ஏரியில் பாடு உடையவர், பாடு இல்லாதவர், வலைத் தொழிலைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டவர், வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவர் எல்லோருக்கும் ஒரே பாய். ஊராட்சி மன்றம் இதற்கு ஒரு தீர்மானம் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். காட்டுவதற்குரிய உரிமத்தை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டும்; படத்துக்குரியவரிடம் உரிய தொகை கொடுத்து இசைவு பெறவேண்டும்; திருட்டுப் படம் போடக்கூடாது. படம் எடுத்தவனும் தொழிலாளிதான்.

கூட்டம் முடிந்தபின் முன்வரிசையில் இருந்த முதிய அம்மையார் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "அந்தத் தபாலாபீஸ் கொட்டகைக்குள்ள நம்மள விடுவாங்களா, தம்பி?" விடுவார்கள் அம்மா, இப்போது விடுவார்கள், டிக்கெட்டும் வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரர் போனபின் இவ்வளவு நாள் யாரும் தனக்கு இதைச் சொல்லவில்லையே என்றார்.

அவரும் இன்னும் பதினோரு பேரும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அலுவலக நாளொன்றில் போவோம். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்கவேண்டும். பொன்னேரியில் காலை மின்ரயில் ஏறினால் மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து அண்ணா சாலைக்குப் பேருந்து உண்டு. வர விரும்புகிறவர்கள் படிப்பகத்தில் பெயர் எழுதிவிட்டு, வழிச்செலவுக்கு வேண்டியதைக் கையோடு கொண்டு வாருங்கள். முறுக்கும் கொண்டு வரலாம்.